என்டர் தட்டும் முன்பு

(ஆண்டுக் கூடல் விழாவில், முன்னாள் மாணவர்களும் இந்நாள் மாணவர்களும் கலந்துகொண்ட கணிப்பொறி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்தார். "பசங்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது பேசுப்பா. வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படின்னு மட்டும் பேசிடாதே. அந்தத் தலைப்பை ஏற்கனவே மூணு பேர் வாங்கிட்டாங்க" என்றார். அவர் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. முப்பது வருடமாக யூனிக்ஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. வெற்றி பெறுவதைவிட, செய்த தப்பை ஒப்புக்கொள்வதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

ஆகவே நான் எடுத்துக்கொண்டது மிகச் சிறிய பொருள். யூனிக்ஸ் அல்லது லினக்ஸ் கணிப்பொறியில் கறுப்புத் திரையைத் திறந்தால், இடது ஓரத்தில் சில எழுத்துகளும் ஒரு டாலர் குறியும் வந்து நிற்குமே, அதற்குப் பிராம்ட் என்று பெயர். அதை நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது எப்படி, கீபோர்டில் சில விசைகளை நம் கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வது எப்படி, இவ்வளவுதான் இன்றைய பேச்சு. "இதுக்கா சார் மைக் பிடிச்சீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சில எழுத்துகள் ஒழுங்காக இல்லாததால் ஒரு தொழிற்சாலையில் அறுநூற்றுச் சொச்சம் குடும்பங்களுக்குத் தீபாவளிச் சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனது. தள்ளிப் போக வைத்தவன் நான்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் 1991-ல் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் லேபுக்குள் போக வேண்டுமென்றால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். உள்ளே ஏ.சி. உண்டு, ஆனால் அது எங்களுக்காகப் போட்டதல்ல, மெஷினுக்காகப் போட்டது. ஒரே ஒரு யூனிக்ஸ் மெஷின். அதிலிருந்து பன்னிரண்டு டெர்மினல்களுக்கு ஒயர் போகும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் ஒருவருக்குக் கிடைக்கும்.

ஒருநாள் புரோகிராம் அடித்துக்கொண்டிருந்தபோது என் டெர்மினல் அப்படியே நின்றுவிட்டது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. மெஷினைக் கெடுத்துவிட்டோம், ஃபைன் போடப் போகிறார்கள் என்று அந்த ஏ.சி.யிலும் எனக்கு வியர்த்துவிட்டது. இருபது நிமிடம் வேலை செய்வது போலப் பாவனை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். லேப் அட்டெண்டராக இருந்த அண்ணன் கடைசியில் என் பக்கம் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு 'க்யூ'வைத் தட்டினார். நான் அதுவரை தட்டியதெல்லாம் சரசரவென்று திரையில் கொட்டியது. "கன்ட்ரோல்-எஸ் தட்டியிருப்பே தம்பி. அது நிறுத்தும், க்யூ ஓட்டும். மெஷினுக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெலிபிரின்டர் காலத்தில், எதிரே இருக்கும் மெஷினிடம் "கொஞ்சம் நிறுத்து", "இனி அனுப்பு" என்று சொல்ல வைத்திருந்த குறிகள் அவை. டெலிபிரின்டர் போய்விட்டது, குறிகள் மட்டும் தங்கிவிட்டன. இன்றைக்கும் உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் டெர்மினலைத் திறந்து கன்ட்ரோல்-எஸ் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதே போல நிற்கும். எனக்கு அன்று புரிந்தது ஒன்று: கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் யாரோ எப்போதோ ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். அது என்னவென்று தெரிந்துகொள்ளலாம், வேண்டாமென்றால் மாற்றவும் செய்யலாம். 'எஸ்டிடிஒய்' என்ற கட்டளைக்குப் பக்கத்தில் கழித்தல் குறியும் 'ஐக்ஸான்' என்ற சொல்லும் சேர்த்து அடித்தால் கன்ட்ரோல்-எஸ்ஸின் பழைய வேலை நின்றுவிடும். இது தெரிந்திருந்தால் எனக்கு அந்த இருபது நிமிடம் மிச்சமாகியிருக்கும்.

இனி ஷெல்லுக்கு வருவோம். தாலுகா ஆபீஸுக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதிகாரி உள்ளே இருப்பார், நாம் நேரே போக முடியாது. வெளியே மரத்தடியில் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். நாம் சொல்வதைக் கேட்டு, உள்ளே எப்படிச் சொன்னால் நடக்குமோ அப்படி மனு எழுதித் தருவார். யூனிக்ஸில் உள்ளே இருப்பது கெர்னல், வெளியே உட்கார்ந்திருப்பது ஷெல். அந்த ஆள் நிமிர்ந்து பார்த்து "ம், சொல்லுங்க" என்கிறாரே, அதுதான் பிராம்ட்.

1960-களில் எம்.ஐ.டி.யில் ஓடிய சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்புக்காக லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் ரன்காம் என்றொரு புரோகிராம் எழுதினார். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து ஒரே மூச்சில் ஓட்டுவதற்கு அது. ஷெல் என்ற பெயரை வைத்தவரும் அவரே. இன்றைக்கு நாம் திருத்துகிற அமைப்புக் கோப்புகளின் பெயர் 'ஆர்.சி.' என்று முடிகிறதே, அது அந்த ரன்காமின் மிச்சம். 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். 1979-ல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் இருந்தது. அதன் பிராம்ட் $. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லின் பிராம்ட் %. எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' பயனாளருக்கு மட்டும் #. இந்த ஒற்றை எழுத்து வேறுபாடுதான் அன்றைக்கு இருந்த எச்சரிக்கைப் பலகை: "தம்பி, இப்போ நீ ரூட். பார்த்து நட."

1989-ல் குனு திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் பாஷ் ஷெல்லை எழுதினார். பல பத்தாண்டுகளாக அதைப் பராமரித்து வருபவர் செட் ரேமி. 1990-ல் பால் ஃபால்ஸ்டாட் இசட் ஷெல்லை எழுதினார், 2019-ல் ஆப்பிள் தன் மேக் கணிப்பொறிகளில் அதையே முதல் ஷெல்லாக வைத்தது. நம் லேபில் பாஷ் இருப்பதால் நான் சொல்வதெல்லாம் பாஷுக்குத்தான். மற்றவற்றில் எழுத்து மாறும், விஷயம் மாறாது.

இப்போது அந்தக் கதை.

2003. சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே இரண்டு மெஷின்கள். ஒன்றில் ஆஜர் கணக்கு, ஓவர்டைம், சம்பளப் பட்டியல் எல்லாம் நிஜமாக ஓடும். இன்னொன்று வெள்ளோட்டம் பார்ப்பதற்கு. அது முதல் மெஷினின் அச்சு அசல் நகல். அதே டைரக்டரிகள், அதே கோப்புப் பெயர்கள். தீபாவளிக்கு முந்திய வாரம். வெள்ளோட்ட மெஷினில் இருக்கும் பழைய டேட்டாவை அழித்துவிட்டு, புது நகலை ஏற்றிப் போனஸ் கணக்கைச் சோதிக்க வேண்டும். இரவு பதினொன்றரை மணி. என் திரையில் இரண்டு ஜன்னல்கள், இரண்டிலும் நான் ரூட். இரண்டிலும் பிராம்ட் வெறும் #.

நண்பர்களே, நான் அவசரப்படவில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அழிப்பதற்கு முன்னால் 'பிடபிள்யூடி' அடித்து, எந்த டைரக்டரியில் நிற்கிறேன் என்று பார்த்தேன். சரியான டைரக்டரிதான். 'எல்எஸ்' அடித்துக் கோப்புகளைப் பார்த்தேன். சரியான கோப்புகள்தான். பிறகு அழிக்கும் கட்டளையை அடித்தேன், என்டர் தட்டினேன். அச்சு அசல் நகல் என்று சொன்னேன் அல்லவா? எந்த டைரக்டரி என்று இரண்டு தடவை பார்த்தவன், எந்த மெஷின் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வெள்ளோட்ட ஜன்னல் எப்போதும் இடது பக்கம் இருக்கும். அன்று மாலை எதையோ படிப்பதற்காக ஜன்னல்களை நகர்த்தியிருந்தேன். திரும்ப வைத்தபோது இடம் மாறிவிட்டது.

ஐந்து நிமிடம் கழித்து டைம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "சார், நைட் ஷிஃப்ட் ஆஜர் போடறேன், ஸ்கிரீன்ல ஒண்ணும் வரமாட்டேங்குது." அந்த நிமிடத்தில் என் வயிற்றில் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பேக்கப் டேப் இருந்தது. ஆனால் கடைசி மூன்று இரவுகளின் டேப்பும் படிக்க வரவில்லை. எழுதினோமே தவிர, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தோமா என்றால் இல்லை. அதற்கும் முந்திய டேப்தான் கைகொடுத்தது. நடுவில் விடுபட்ட நாட்களின் ஆஜரும் ஓவர்டைமும் பேப்பர் ரிஜிஸ்டரிலிருந்து மறுபடி அடிக்கப்பட வேண்டும். அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஐந்து பேர் இரண்டு ராத்திரி உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்த பெரியவர். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். திரையைப் பார்க்காமல் ரிஜிஸ்டரை மட்டும் பார்த்து அடித்துக்கொண்டே போனார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சம்பளம் ஒரு நாள் தாமதம். ஒரு நாள்தானே என்று தோன்றும். ஊருக்குப் போகப் பஸ் டிக்கெட் எடுத்தவர்கள், பிள்ளைகளுக்குத் துணி எடுக்கக் காத்திருந்தவர்கள் கேட் பக்கத்தில் நின்றார்கள். நான் யாரென்று தெரியாமலே ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், இன்னைக்கு வந்துருமா?" "நாளைக்கு வந்துரும்ணே" என்று சொன்னேன். ஏன் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மேலதிகாரி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த நேரத்துல, நீ எந்த மெஷின்ல இருக்கேன்னு உனக்கு எது சொல்லிச்சு?" நான் யோசித்துவிட்டு, "ஜன்னல் இடது பக்கம் இருந்துச்சு சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்போ எதுவும் சொல்லல" என்றார்.

அன்று மதியமே இரண்டு மெஷின்களிலும் பிராம்டை மாற்றினேன். கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேர வேலையைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லித் தரப் போகிறேன். கரும்பலகையில் எழுதிக் காட்டியதை, மலரில் வாயால் சொல்லும் விதத்திலேயே தந்திருக்கிறேன்.

பாஷில் 'பிஎஸ்1' என்று ஒரு மாறி உண்டு. அதில் என்ன எழுதி வைக்கிறோமோ அதுதான் பிராம்டாக வரும். இந்த வசதி 1979-ல் வந்த போர்ன் ஷெல்லிலேயே இருந்தது. பாஷ் அதில் சில சுருக்கக் குறிகளைச் சேர்த்தது. பேக்ஸ்லாஷ் போட்டு 'யு' எழுதினால் உங்கள் பயனாளர் பெயர் வரும். 'ஹெச்' எழுதினால் மெஷினின் பெயர். சின்ன 'டபிள்யூ' எழுதினால் நிற்கும் டைரக்டரியின் முழு வழி. பேக்ஸ்லாஷோடு டாலர் குறி எழுதினால், சாதாரண ஆளுக்கு $ வரும், ரூட்டுக்கு # வரும். நான்கையும் சேர்த்தால் இப்படி இருக்கும்:

மாணவன்@லேப்2:~/திட்டம்$

டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் ஏறக்குறைய இப்படியே முதலில் வரும். வேறு சிலவற்றில் பெரிய 'டபிள்யூ' போட்டிருப்பார்கள். அது டைரக்டரியின் கடைசிப் பெயரை மட்டும் காட்டும். 'டேட்டா' என்று மட்டும் திரையில் தெரிந்தால் எந்த டேட்டா? ஊரில் 'முருகன் ஸ்டோர்ஸ்' எங்கே என்று கேட்பது போலத்தான் அது. ஆகவே சின்ன 'டபிள்யூ'வையே வையுங்கள்.

இந்தக் காலத்தில் மெஷின் உங்கள் அறையில் இருப்பதில்லை. மும்பையிலோ சிங்கப்பூரிலோ வாடகைக்கு ஓடுகிறது. அதற்குத் தானாக வரும் பெயர் பல நேரங்களில் வெறும் எண்களின் வரிசையாக இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் அப்படி இரண்டு பெயர்கள் நின்றால் கண் ஏமாந்துவிடும். அங்கே நீங்களே 'நிஜம்', 'சோதனை' என்று பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். மஃப்ஸல் பஸ் ஸ்டாண்டில் போர்டு பார்க்காமல் ஏறினால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளலாம். அழிக்கும் கட்டளைக்கு அடுத்த ஸ்டாப் கிடையாது.

அடுத்தது நிறம். 1978-ல் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட வி.டி.100 டெர்மினல் காலத்திலிருந்து, எஸ்கேப் என்ற 27-ஆம் எண்ணில் தொடங்கும் குறித்தொடர்களால் திரையை ஆட்டி வைக்கும் வழக்கம் பரவியது. நிறங்களுக்கும் அதே முறைதான். 31 என்றால் சிவப்பு, 32 என்றால் பச்சை, 0 என்றால் பழையபடி. என் வழக்கம் இதுதான்: நிஜ மெஷினில் சிவப்பு, வெள்ளோட்ட மெஷினில் பச்சை, வேறு எங்கும் நிறமே கிடையாது. எல்லா மெஷினிலும் வானவில் போட்டால் சிவப்புக்கு மதிப்பு இருக்காது. நிறம் பிரித்துப் பார்க்கச் சிரமப்படும் நண்பர்களும் உண்டு, அவர்களுக்காக எழுத்திலும் 'நிஜம்' என்று போடுங்கள்.

நிறத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வரியில் எத்தனை எழுத்து கொள்ளும் என்பதை ஷெல் எண்ணிக்கொண்டே இருக்கும். நிறக் குறிகள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஷெல் அவற்றையும் எண்ணிவிடும். கணக்கு தப்பி, நீளமான கட்டளை அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் மேலேயே ஏறி அடித்துவிடும். நீங்கள் பார்ப்பது ஒன்று, ஓடப் போவது இன்னொன்று என்றாகிவிடும். ஆகவே நிறக் குறிகளை, பேக்ஸ்லாஷ் சேர்த்த சதுர அடைப்புகளுக்குள் வைக்க வேண்டும். "இதை எண்ணாதே" என்று ஷெல்லுக்குச் சொல்வதுதான் அது. பிராம்டில் தமிழ் எழுத்து வைக்கலாமா என்று ஒரு மாணவி காலையில் கேட்டார். தாராளமாக வைக்கலாம். ஆனால் கொம்பும் காலும் புள்ளியும் எத்தனை இடம் பிடிக்கும் என்பதில் ஷெல்லுக்கும் டெர்மினலுக்கும் கணக்கு ஒத்துப்போகாமல், கர்சர் நகர்ந்து நிற்பது உண்டு. சொந்த மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, சரியாக வந்தால் மற்ற இடங்களுக்குக் கொண்டு போங்கள்.

மூன்றாவது, முந்திய கட்டளை என்ன ஆனது என்பது. டாலர் குறியோடு கேள்விக்குறியைச் சேர்த்தால் அதன் விடை எண் கிடைக்கும். 0 என்றால் நல்லபடி முடிந்தது. 127 என்றால் அப்படி ஒரு கட்டளையே கிடைக்கவில்லை. 130 என்றால் நடுவில் கன்ட்ரோல்-சி தட்டி நிறுத்தப்பட்டது. இந்த எண்ணை 0 அல்லாதபோது மட்டும் பிராம்டில் காட்டும்படி செய்யலாம். பேக்கப் எடுக்கும் கட்டளை சத்தமில்லாமல் தோற்றுப் போனதைத் திரையே உங்களுக்குச் சொல்லும். எங்கள் மூன்று டேப்புகள் நினைவிருக்கிறதல்லவா?

இனி விசைகள். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும், விரலுக்குத் தனி ஞாபகம் உண்டு. பாஷில் 'ரீட்லைன்' என்றொரு பகுதி இருக்கிறது. விசைகளைக் கவனிப்பது அதன் பொறுப்பு. எதையும் மாற்றுவதற்கு முன், இருப்பதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கன்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கத்துக்குப் போகும், கன்ட்ரோல்-இ முடிவுக்குப் போகும். கன்ட்ரோல்-டபிள்யூ ஒரு சொல்லை வெட்டும், கன்ட்ரோல்-யு கர்சருக்கு முன்னால் இருப்பதையெல்லாம் வெட்டும். வெட்டியதைக் கன்ட்ரோல்-ஒய் திரும்ப ஒட்டும். ஆல்ட் விசையோடு புள்ளி தட்டினால் முந்திய கட்டளையின் கடைசிச் சொல் வந்து உட்காரும். கன்ட்ரோல்-ஆர் பழைய கட்டளைகளில் தேடித் தரும். இந்த ஏழையும் ஒரு வாரம் பழகினால் அம்பு விசையை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். உங்கள் வீட்டு டைரக்டரியில், பெயருக்கு முன் புள்ளி வைத்த 'இன்புட்ஆர்சி' என்ற கோப்பில், மேல் அம்பு விசைக்கு 'ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட்' என்ற வேலையை ஒப்படையுங்கள். கட்டளையின் முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்து மேல் அம்பைத் தட்டினால், அப்படித் தொடங்கிய பழைய கட்டளைகள் மட்டும் வரும். 'மேன்' கட்டளையோடு 'ரீட்லைன்' என்று அடித்தால் விவரம் முழுக்க இருக்கிறது. பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

புது விசை அமைக்கும்போது சில எழுத்துகளைத் தொடாதீர்கள். கன்ட்ரோல் விசை என்பது மந்திரம் அல்ல, கழித்தல் கணக்கு. எழுத்தின் எண்ணிலிருந்து 64-ஐக் கழிக்கும். பெரிய 'எம்' 77. கழித்தால் 13, அது என்டர். பெரிய 'ஐ' 73. கழித்தால் 9, அது டேப். ஆகவே கன்ட்ரோல்-ஐக்கு வேறு வேலை கொடுத்தால், டேப் விசையும் அந்த வேலையைத்தான் செய்யும். "என்னடா இது, டேப் கெட்டுப் போச்சே" என்று கீபோர்டு வாங்கக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒரு விதி. ஒரு விசையைத் தட்டினால் ஒரு முழுக் கட்டளை திரையில் வந்து விழும்படி அமைக்கலாம். அமையுங்கள். ஆனால் அதன் முடிவில் என்டரைச் சேர்க்காதீர்கள். கட்டளை வரட்டும், நிற்கட்டும், நீங்கள் பிராம்டிலிருந்து தொடங்கி ஒரு தடவை படியுங்கள், பிறகு உங்கள் கையால் என்டர் தட்டுங்கள். கன்ட்ரோல்-ஆர் தேடிக் கொடுப்பதற்கும் இதே விதிதான். போன மாதம் அடித்த அழிப்புக் கட்டளை அதில் ஒளிந்திருக்கும். கிடைத்தவுடன் என்டர் தட்டாமல், கன்ட்ரோல்-இ தட்டி வரியை வெளியே எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று. அழிக்கும் கட்டளை ஒவ்வொரு தடவையும் "அழிக்கட்டுமா?" என்று கேட்கும்படி மாற்றுப்பெயர் வைத்துக்கொள்வது பலருடைய பழக்கம். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கேள்வி வரும் என்ற தைரியத்தில் விரல் பழகிவிடும். அந்த மாற்றுப்பெயர் இல்லாத வேறு மெஷினில் உட்காரும் நாளில், கேள்வி வராது, கோப்பு போயிருக்கும். பாதுகாப்பு வேண்டுமென்றால் அதற்கு வேறு புதுப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் இல்லாத மெஷினில் "கட்டளை கிடைக்கவில்லை" என்ற பதில்தான் வரும். அப்படித் தோற்றால் நஷ்டமில்லை.

உங்கள் விருப்பங்களை உங்கள் கணக்கில் மட்டும் வையுங்கள். ஹாஸ்டலில் நம் அறைக் கட்டிலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், மெஸ் ஹால் பெஞ்சைத் திருப்பினால் வார்டன் வருவார். பலர் பயன்படுத்தும் ரூட் கணக்கில் உங்கள் விசைப் பழக்கத்தைத் திணித்தால், நடுராத்திரியில் அதே கணக்கில் உட்காரும் இன்னொருவன் தடுமாறுவான். அங்கே எல்லோருக்கும் பொதுவாகச் செய்ய வேண்டியது மெஷின் பெயரும் சிவப்பு நிறமும் மட்டும்தான்.

மாணவர்களே, இப்போது கட்டளைகளை நீங்கள் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறீர்கள், அல்லது செயற்கை அறிவைக் கேட்டு வாங்குகிறீர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. 2020-ல் வந்த பாஷ் 5.1-லிருந்து, ஒட்டியது தானாக ஓடிவிடாமல் நீங்கள் என்டர் தட்டும் வரை பொதுவாகக் காத்திருக்கும். பழைய மெஷின்களில் அந்தத் தயவும் கிடையாது. கட்டளை சரியாகவே இருக்கலாம். நான் 2003-ல் அடித்ததும் சரியான கட்டளைதான், எழுத்துப் பிழைகூட இல்லை. நின்ற இடம்தான் தப்பு. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது அந்தக் கட்டளையை எழுதிக் கொடுத்தவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது உங்கள் பிராம்ட்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் இப்படிப்பட்ட மெஷின்களோடுதான் பிழைக்கிறோம். ஆளுக்கு ஒரு ராத்திரிக் கதை நம்மிடம் இருக்கும். அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை லேபுக்கு வந்து அதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். லேபில் இருபது மெஷின்களின் பிராம்டும் ஒரே மாதிரி இருப்பதை இன்று காலையில்தான் பார்த்தேன். முதல் சனிக்கிழமை வேலை தயாராக இருக்கிறது. நான் வருகிறேன்.

அந்தப் பெரியவர் இரண்டாம் ராத்திரி அடித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "தம்பி, இது சரியான மெஷின்தானே?" கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அவருடைய திரையில் 'நிஜம்' என்று சிவப்பில் இருந்ததைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, என்டர் தட்டினார்.